வெட்டாமல் விட்ட பதினெட்டு நாள்

அந்த முடிதிருத்தும் கடைக்கு நான் போனபோது பிற்பகல். சோப்பு நுரையும் ஈரத் துண்டும் கலந்த வாடை. கடைக்காரர் காலி நாற்காலி ஒன்றின் பின்னால் நின்று, வெறும் காற்றைச் சீவிச் சீவிக் கத்தரியால் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"தினமும் இப்படித்தான் டாக்டர்," அவர் மனைவி என் காதருகே கிசுகிசுத்தார். "பார்த்தவங்க திரும்பி வர்றதே இல்ல. இது கிறுக்கா இல்லையா, ஒண்ணு சொல்லிடுங்க."

விசித்திரமெல்லாம் நோயாகிவிடாது. ஆள் தவிக்கிறாரா, பிழைப்புக் கெடுகிறதா, யாருக்காவது ஆபத்தா என்றுதான் மனநல மருத்துவர்கள் பார்ப்போம்.

கடைக்காரர் தெளிவாகவே பேசினார். "இங்க உக்காந்திருக்கிறவர் உங்க கண்ணுக்குத் தெரியமாட்டார்னு எனக்குத் தெரியும். எனக்கு இதனால கஷ்டமே இல்ல."

"நிறுத்திட்டா என்ன ஆகும்?"

கத்தரியைத் துடைத்தபடி யோசித்தார். "நிறுத்திப் பார்த்ததில்லையே."

தவிப்பில்லை; ஆபத்தில்லை. ஆனால் கடை ஈயோட்டிக்கொண்டிருந்தது. மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நோய் என்று எழுதி, மாத்திரை கொடுத்தேன்.

பதினெட்டாம் நாள் மனைவி மட்டும் வந்தார். வலது கைவிரல்களில் கொப்புளங்கள்.

"அவர் கத்தரியைக் காத்துல வீசுறதே இல்ல. ஆளுங்களும் வர ஆரம்பிச்சிட்டாங்க." குரல் இறங்கியது. "மாத்திரையை நிறுத்திடலாமா டாக்டர்?"

"ஏம்மா?"

"வளருதுங்க."

முதலில் அந்த நாற்காலிக்கடியில் ஒரு முடிச்சுருள். பிறகு தலையணை உறைக்குள். முந்தின நாள், தூங்கிக்கொண்டிருந்த மகளின் வாய்க்குள். இழுக்க இழுக்க வந்ததாம்.

"இப்ப நான்தான் வெட்டுறேன். என் கண்ணுக்கு ஆள் தெரியல. தடவித் தடவித்தான் தலை எங்கேன்னு கண்டுபிடிக்கிறேன்."

கணவனின் பிரமை மனைவியைத் தொற்றுவதுண்டு. அப்படித்தான் எழுதத் தொடங்கினேன். பேனா ஓடவில்லை. அவரோடு கடைக்குப் போனேன்.

கடைக்காரர் வேறொருவருக்குச் சவரம் செய்தபடி சிரித்தார். "தூக்கம் நல்லா வருது டாக்டர்."

காலி நாற்காலிக்கு மேலே, தலை இருக்கவேண்டிய உயரத்தில் கையை நீட்டினேன்.

காற்றுதான்.

"ஒண்ணுமில்லம்மா," என்றேன்.

நாற்காலியின் நசுங்கிய தோல் மெத்தை மெல்ல உப்பியது. யாரோ எழுந்ததுபோல.

மறுநாள் காலை மனைவி தொலைபேசியில் அழைத்தார். அழுகையும் சிரிப்புமாகக் குரல். "நேத்து நீங்க போனதிலிருந்து ஒரு முடிகூட இல்ல டாக்டர். புண்ணியவான் நீங்க!"

நான் மேசை இழுப்பறையில் கத்தரி தேடிக்கொண்டிருந்தேன்.

என் மேசைக்கு எதிரே, நோயாளிகள் உட்காரும் நாற்காலியில் யாருமில்லை. மெத்தை மட்டும் அமுங்கியிருந்தது. அதன் ஓரமாக ஒரு கறுத்த கற்றை இறங்கி, தரையில் என் காலை நோக்கி நீண்டுகொண்டிருந்தது.