வீட்டுக்கு மூன்று பல்பு

"நாலு மணிக்குத் திட்ட அதிகாரி வந்துடுவார் ஐயா. அதுக்குள்ள திருடன் அகப்படலைன்னா எல்லாம் என் தலையிலதான் விடியும்," என்றாள் காஹி. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

இந்தோனேசியாவில், கிழக்குச் சும்பாவின் அந்தக் குன்றுக் கிராமத்துக்குச் சூரிய மின்சாரம் வந்து ஒரு வருடம் ஆகிறது. சோதனைத் திட்டம். ராஜ வம்சமோ வேலைக்காரனோ, வீட்டுக்கு மூன்று பல்பு, அவ்வளவுதான். மின்நிலையத்தைப் பார்த்துக்கொள்பவள் காஹி. எட்டு நாளாகப் பொழுது சாயும்போதே பேட்டரி காலி. அவள்தான் யாருக்கோ திருட்டு லைன் கொடுக்கிறாள் என்று ஊர் வாய்க்கு வந்தபடி பேசியது. இன்றைக்குள் விடை கிடைக்காவிட்டால் பேனல்களைக் கழற்றி வேறு ஊருக்குக் கொண்டுபோய்விடுவார்கள்.

"மீட்டர் என்ன சொல்லுது?" என்று கேட்டார் உம்பு ரிஹி. ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர், குரலை உயர்த்தியே பழக்கமில்லை.

"எல்லாம் சரியா இருக்கு. மீட்டருக்கு முன்னாடியே எவனோ வயரைக் கூரைக்குள்ள இழுத்திருக்கான். கூரையில முன்னோர்களோட ஆவி குடியிருக்கு. வெளியாள் ஏறிப் பார்க்க முடியுமா?"

"கூடுதலா யாராவது கேட்டாங்களா?"

"ரெண்டு பேர். கடைக்காரர் தொமிங்குஸ் ஃப்ரிட்ஜுக்குக் கேட்டார். அப்புறம் எங்க பெரியப்பா, ஊர்த்தலைவர் மெஹாங். அவர் வீட்டுக்கும் வேலைக்காரன் வீட்டுக்கும் ஒரே அளவான்னு குதிச்சார். முடியாதுன்னேன். அதிலேருந்து அவர் வீட்டுப் படி நான் ஏறல."

ரிஹியின் அக்காள் மகள் யுப்லினா, இளம் போலீஸ்காரி, ஏற்கெனவே வாசலில் நின்றாள். "தொமிங்குஸ்தான் மாமா. கையும் களவுமா பிடிச்சுடலாம்."

கடையில் ஃப்ரிட்ஜ் இருந்தது. திறந்தால் உள்ளே சோப்புக் கட்டிகள். தொமிங்குஸ் வெந்நீர் மாதிரி சூடான சோடாவையும், எலும்பாகக் காய்ந்த பாக்கையும் நீட்டினார். "பாலம் உடைஞ்சு பத்து நாளா சந்தை லாரி வரல, பச்சைப் பாக்கும் வரல. நம்ம ஊர்ல ஒரு பாக்கு மரம் உண்டா? வேற எதைக் குடுக்க?"

மற்ற வீடுகளிலும் விருந்தாளிக்கு நீட்டும் வெற்றிலைக் கூடை வந்தது, அதே காய்ந்த பாக்கோடு. யுப்லினா கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து அலுத்தாள்.

கடைசியாக மெஹாங் வீடு. அவருடைய வேலைக்காரன் லூனு கூடையை மண்டியிட்டு வைத்தான். பச்சைப் பாக்கு, ஈரம் மினுங்கியது. ஒன்றை வாயிலிட்ட ரிஹி தாடையைப் பிடித்துக்கொண்டார்.

"பல்வலியா மாமா?"

"ஆமா, இப்பதான் வந்தது," என்றவர் கிளம்பிவிட்டார்.

நாலு மணிக்கு ஊர் மின்நிலையத்தின் முன் கூடியது. ஒருவருக்கும் நிலைகொள்ளவில்லை, காஹி சாவிக்கொத்தை உருட்டிக்கொண்டே இருந்தாள்.

"விருந்தாளி வந்திருக்கார். எல்லா வீட்டுக் கூடையும் வரட்டும்," என்றார் ரிஹி.

மறுக்க முடியாத மரியாதை அது. கூடைகள் வரிசையாக வந்தன. ரிஹி மெஹாங்கின் கூடையிலிருந்து ஒரு பாக்கை எடுத்து அதிகாரியின் உள்ளங்கையில் வைத்தார்.

"ஐஸ் மாதிரி இருக்கே," என்றார் அதிகாரி.

"பத்து நாள் பழைய பாக்கு. இந்த வெயில்ல மூணே நாள்ல சுருங்கியிருக்கணும். என் பல்லு கூசினப்பவே தெரிஞ்சுது, இந்த வீட்டுல ஃப்ரிட்ஜ் ஓடுதுன்னு. காய்ஞ்ச பாக்கைக் குடுத்திருந்தா எனக்கு ஒண்ணும் விளங்கியிருக்காது. தலைவர் வீட்டுக் கௌரவம் விடல."

முன்னால் வந்தது மெஹாங் அல்ல, லூனு.

"வயரை இழுத்தது நான்தாங்க. அவருக்குத் தெரியாது."

கூட்டத்துக்குப் பெருமூச்சு வந்தது. வேலைக்காரன் என்றால் யாருக்கும் சங்கடமில்லை. காஹிக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. "பொய். அவன் தலையில கட்டித்தான் நான் தப்பிக்கணும்னா எனக்கு இந்த வேலையே வேணாம்," என்றாள்.

ரிஹி லூனுவிடம் திரும்பினார். "அந்த ஃப்ரிட்ஜால உனக்கு என்ன லாபம்?"

லூனு தரையைப் பார்த்தான். "ஒண்ணுமில்லீங்க. எங்க வீட்டுலயும் எட்டு நாளா இருட்டுதான். முந்தாநாள் என் பொண்டாட்டி பிள்ளை பெத்ததும் அந்த இருட்டுலதான்."

மெஹாங் அவனைத் திரும்பிப் பார்த்தார். "பிள்ளை பொறந்ததை என்கிட்ட ஏன்டா சொல்லல?"

"நீங்க கேக்கலீங்களே."

மெஹாங் அதிகாரியின் பக்கம் திரும்பி, "வயரை இழுக்கச் சொன்னது நான்," என்றார்.