கழிமுகத்தில் கையசைத்தவள்

தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸிலிருந்து கிளம்பி, ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் குலுங்கி, கார்வார் பக்கத்துக் கழிமுகத்தில் ராஜேந்திரனும் வாணியும் வந்து இறங்கியபோது வெயில் ஏறியிருந்தது. தினமும் விடியலில் பெங்களூரு ரயிலைப் பிடிக்க ஓடுகிற மனுஷன் அவன். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அவளைக் கூட்டிக்கொண்டு வந்த முதல் வெளியூர் இதுதான். இரண்டு பேருக்காகவே ஒரு படகைப் பேசியிருந்தான்.

படகுக்காரன் மஞ்சுநாத், கடலை விட்டு உள்ளே ஒடுங்கிப் போகும் ஒரு கிளைக்குள் படகைத் திருப்பினான். இரண்டு பக்கமும் அலையாத்திக் காடு. பச்சைத் தண்ணீர் அசையாமல் கிடந்தது. மோட்டாரை நிறுத்தியதும் பறவைச் சத்தமும் நின்றுபோனது. அழுகிய இலையும் சேறும் கலந்த வாடை மெல்ல மேலே வந்தது.

வேர்களுக்கு நடுவே, இடுப்பளவுத் தண்ணீரில், ஒரு பெண் நின்று கையசைத்தாள்.

“பாக்காதீங்க. பேச்சுக் கொடுக்காதீங்க,” என்று மஞ்சுநாத் கன்னடத்தில் கிசுகிசுத்தான்.

அதற்குள் ராஜேந்திரன் எழுந்து நின்றுவிட்டான். “இன்னாமா, மாட்டிக்கினியா? இரு, வர்றோம்!”

அவள் கையை இறக்கினாள்.

சிரித்தாள்.

கண் இமைத்துப் பார்த்தால் வேர்கள் மட்டும்தான் இருந்தன.

மூன்று பேர் இருந்த படகு, பத்துப் பேர் ஏறினாற்போல் தாழ்ந்து ஊர்ந்தது. கரை சேர்ந்ததும் மஞ்சுநாத் வாணியைத் தனியே கூப்பிட்டு, போன் நம்பர் வாங்கிக்கொண்டான். “என் கூடப்பொறந்தவனும் அவளுக்குப் பதில் சொன்னான், அக்கா. ஒரு மாசம் தாங்கல. சாரைத் தண்ணி பக்கம் விடாதீங்க.”

ஊர் திரும்பிய ராஜேந்திரன் வேலைக்குப் போகவில்லை. லாரித் தண்ணீர் பிடித்து வைக்கும் நீல டிரம் பக்கத்திலேயே உட்கார்ந்து முணுமுணுத்துக்கொண்டிருந்தான்.

“யார்கிட்டங்க பேசுறீங்க?”

“பாவம் வாணி. ரொம்ப நாளா தனியா நிக்கிறாளாம்.”

வாணி குனிந்து பார்த்தாள். யாரும் தொடாமலே தண்ணீர் நாலு விரல் ஏறியது. பிறகு இறங்கியது. விரலை நனைத்து நாக்கில் வைத்தாள்.

உப்பு.

அப்போதே டிரம்மைக் கவிழ்த்துக் கொட்டினாள். மறுநாள் ஆண்டர்சன்பேட்டைக் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் அது விளிம்புவரை நிரம்பியிருந்தது. ராஜேந்திரன் தலைகுப்புற அதற்குள் கிடந்தான். அவன் நகங்களுக்குள் கறுப்புச் சேறு.

காரியமெல்லாம் முடிந்த மறுநாள் மத்தியானம் போன் அடித்தது.

“அக்கா, மஞ்சுநாத் பேசுறேன். சார் வீட்லதானே இருக்காரு?”

“அவரு போயி பதினேழு நாளாச்சு, தம்பி.”

படகில் தண்ணீர் மோதும் சத்தம் மட்டும் கேட்டது.

“இன்னாப்பா? பேசு.”

“அப்போ... இங்க தண்ணிக்குள்ள நிக்கிறது யாரு?”

அவன் மூச்சுக்குப் பின்னால், தூரத்திலிருந்து, அவளுக்கு நன்றாகத் தெரிந்த குரல் வந்தது.

“வாணி... துண்டு எடுத்துக்கினு வா. நனைஞ்சிட்டேன்.”