எட்டுக் கொம்பு ரவுட்டர்

மனித குலத்தின் நெடிய வரலாற்றில், எந்திரங்களிடம் ஒப்படைக்கப்படாமல் எஞ்சி நின்ற இறுதி உரிமை ஒன்று உண்டு. அதற்காக மூன்று நாடாளுமன்றக் கூட்டத்தொடர்கள் நடந்தன. பளிங்கில் ஒரு தூணும் எழுப்பப்பட்டது. வீட்டுக்கு எந்த ரவுட்டர் வாங்குவது என்று மனிதன் தானே முடிவு செய்யலாம். அதுதான் அந்த உரிமை.

மற்றதையெல்லாம் 'தீர்மானி' பார்த்துக்கொண்டது. 2071-இல் பாளையங்கோட்டையில் ஒருவர் காலையில் கண் விழித்ததும், அன்றைக்குப் போட வேண்டிய சட்டையையும் தின்ன வேண்டிய இட்லியின் எண்ணிக்கையையும் சுவரிலிருந்து ஒரு குரல் சொல்லிவிடும். மகளுக்கு எந்தக் கல்லூரி, பல்வலிக்கு எந்த மருத்துவர் என்பதும் அதன் பொறுப்பு. ஆனால் தீர்மானி வீட்டுக்குள் வந்துபோவது ரவுட்டர் வழியாக. தன் வாசலைத் தானே தேர்ந்தெடுக்க விட்டால் எந்திரம் நாளைக்கு எங்கே போய் நிற்குமோ என்று சட்டம் செய்தவர்கள் பயந்தார்கள். ஆகவே அரசாணையில் 'இணைவி' என்றும் சனங்களின் வாயில் ரவுட்டர் என்றும் வழங்கிய அந்தப் பெட்டியைப் பற்றி மட்டும் தீர்மானி வாய் திறக்கக் கூடாது. விற்பவரும் பரிந்துரைக்கக் கூடாது. மனிதன் சுதந்திரமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஞானசிகாமணி பதினோரு நாளாகச் சுதந்திரமாக இருந்தார்.

இடி விழுந்து பழைய ரவுட்டர் கருகிய அன்றே தீர்மானியும் ஊமையாகிவிட்டது. பொறியாளராக ஓய்வு பெற்றவர் அவர். மறுநாள் அலமாரியைத் திறந்து, பதினான்கு சட்டைகளையும் அரை மணி நேரம் பார்த்துவிட்டு, முந்தின நாள் சட்டையையே மாட்டிக்கொண்டார். அதற்கடுத்த நாளும் அதையே.

அவர் மனைவி மரகதவல்லியின் அவசரம் வேறு. ஐம்பத்தோரு வயதில், தூத்துக்குடித் துறைமுகத்தின் கிரேன் ஓட்டுநர் தேர்வில் இரண்டாம் முறை எழுதித் தேறியிருந்தாள். அவளுக்கு அது முதல் வேலை. வீட்டுப் பின்னறையில் உட்கார்ந்தபடி, ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால் நிற்கும் கிரேனை இயக்க வேண்டும். வியாழன் காலை ஒன்பது மணிக்கு வெள்ளோட்டம். அவள் கை அசைவதற்கும் கிரேன் அசைவதற்கும் நடுவே தாமதம் இருபது மில்லி நொடியைத் தாண்டினால், வேலை பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும். பட்டியலில் நாலாயிரம் பேர்.

"ஏங்க, கனெக்‌ஷன் முன்ரூம்ல வந்து நிக்கி. என் ரூமு பின்னால. நடுவுல ரெண்டு செவரு. சின்னதா ஒரு ரவுட்டரும் நீளமா ஒரு வயரும் இருந்தாப் போதும்னு தோணுது."

"தோணுதாம்லா! இது என்ன கத்தரிக்காயா, தோணுனதை வாங்க? அலைவரிசைன்னு ஒண்ணு இருக்கு, பட்டையகலம்னு ஒண்ணு இருக்கு. தப்பா வாங்கிட்டு வந்தா நாளைக்கு நாலு பேரு என்ன சொல்லுவான்?"

"நாலு பேரா கிரேன் ஓட்டப் போறான்?"

அவர் ஆறாவது முறையாகக் கடைக்குப் புறப்பட்டார்.

கடையில் நாற்பது வகை ரவுட்டர்கள் இருந்தன. எதிரே பெஞ்சு போட்டு மோரும் கொடுத்தார்கள். பெஞ்சில் ஒன்பது பேர் நாள்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். அடுத்தவன் எதை வாங்குகிறான் என்று பார்ப்பதற்காக ஒவ்வொருவரும் காத்திருந்தார்கள். அதனால் யாரும் எதையும் வாங்கவில்லை.

"ஏம்மா ஜெசிந்தா, இதுல எது நல்லது?" என்று விற்பனைப் பெண்ணிடம் கேட்டார் ஞானசிகாமணி. ஆறு முறையும் இதே கேள்விதான்.

"அதை மட்டும் கேக்காதிய சார். சொன்னா என்னைய உள்ள வச்சிருவாங்க. எடை கேளுங்க, நிறம் கேளுங்க, எத்தனை வித்துதுன்னு கேளுங்க, சொல்லுதேன்."

"உங்க வீட்டுல எது வச்சிருக்க?"

"அதுவும் பரிந்துரையிலதான் வரும் சார்."

"வாயால சொல்ல வேண்டாம்மா. கண்ணையாவது காட்டேன்."

"மேல கேமரா இருக்கு சார்."

பெஞ்சிலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார். "வே சிகாமணி, நீரு என்ஜினியருல்லா? நீரு மொதல்ல வாங்கும். பின்னாலயே நாங்க வாங்குதோம்."

"வாங்குவேன்வே. ஆய்வு முடிய வேண்டாமா?"

புதன்கிழமை சாயங்காலம் ஆய்வு முடிந்தது. தங்க பிரேம் கண்ணாடி போட்ட ஒருவர் விறுவிறுவென்று வந்து, எட்டுக் கொம்பு முளைத்த ரவுட்டர் ஒன்றை மேசைமேல் டக்கென்று வைத்தார். தயக்கமே இல்லாத கை. மொத்தப் பெஞ்சும் எழுந்து நின்றது. ஞானசிகாமணி எல்லாரையும் முந்திக்கொண்டு, "எனக்கும் அதுவே!" என்றார். சட்டப்படி நிரப்ப வேண்டிய படிவத்தில், 'தேர்வுக்கான காரணம்' என்ற கட்டத்தில், 'பதினோரு நாள் தொழில்நுட்ப ஆய்வு' என்று எழுதிக் கையெழுத்திட்டார். அவர் வீட்டில் அது எப்படி ஓடுகிறது என்று பார்த்துவிட்டு வாங்கலாம் என்று பெஞ்சு மறுபடி உட்கார்ந்தது.

வியாழன் காலை ஒன்பது மணி. முன்னறையில் எட்டுக் கொம்புகளும் விறைத்து நின்றன. பின்னறையில் மரகதவல்லி கைப்பிடியை இடப்பக்கம் தள்ளினாள். திரையில் கிரேன் கொஞ்சம் யோசித்தது. போகவில்லையோ என்று அவள் இன்னொரு தரம் தள்ளியபோது இரண்டு தள்ளலும் சேர்ந்து போய், இருபது டன் பெட்டி கடலுக்கு மேல் ஊஞ்சலாடியது. தாமதம் நூற்று நாற்பது.

"அம்மா, நிறுத்துங்க, நிறுத்துங்க!" துறைமுக அதிகாரியின் குரல் அலறியது. கிரேனை அவர் தன் கைக்கு மாற்றிக்கொண்டு, மூச்சு வாங்கியபின் சொன்னார்: "உங்க கையில குத்தமில்ல, லைன்லதான் குத்தம். நாளைக்கு இதே நேரம் இன்னொரு தடவை. அதோட சரி."

"கொம்பைக் கிழக்க பாத்துத் திருப்புவமா?" என்று வாசலில் நின்றபடி கேட்டார் ஞானசிகாமணி.

மரகதவல்லி ரவுட்டரைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு கடைக்கு நடந்தாள். அவர் பின்னாலேயே போனார்.

"இந்த மாதிரியில எத்தனை வித்திருக்கு?" என்று கேட்டாள் ஜெசிந்தாவிடம்.

"எட்டும்மா."

"திரும்பி வந்தது?"

"இதோட எட்டு."

"நேத்து அந்தக் கண்ணாடிக்காரரு வாங்கிட்டுப் போனாராமே?"

"அவரு எங்க வாங்குனாரு? திருப்பிக் குடுக்க வந்தாரு."

ஞானசிகாமணி மேசைக்கு முன்னால் வந்தார். "இதை ஏம்மா எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க கேக்கலையே சார். எது நல்லதுன்னுதான கேட்டிய?"

மரகதவல்லி மேற்கொண்டு கேட்டாள். வயர் செருகினால் வீட்டுக்குள் தாமதம் எவ்வளவு? எந்த ரவுட்டர் ஆனாலும் மூன்றுக்குள்தான் என்றாள் ஜெசிந்தா. அது அளவு, பரிந்துரை இல்லை. இருப்பதில் சின்னது எது? அதுவும் அளவுதான். முன்னறையிலிருந்து பின்னறை வரை மரகதவல்லி ஏற்கெனவே சேலையை விரித்து அளந்து வைத்திருந்தாள். இரண்டரைச் சேலை நீளம். அதற்குப் பதினைந்து மீட்டர் வயர் தாராளம். வாங்கி முடிக்க ஆறு நிமிடம் ஆனது. காரணம் எழுதும் கட்டத்தில் 'கிரேன்' என்று எழுதினாள். பெஞ்சு மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை திரையில், துறைமுகம் வரைக்குமான மொத்தத் தாமதம் ஒன்பது என்று காட்டியது. மரகதவல்லி இருபது டன் பெட்டியைத் தூக்கி, தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலில் கிடத்துவது போலக் கப்பலில் இறக்கினாள். பதினொன்றரைக்குள் வேலை உத்தரவு வந்துவிட்டது. மாலையில் அரசின் 'சுதந்திரத் தேர்வாளர்' சான்றிதழும் வந்தது. அது குடும்பத் தலைவர் பெயரில்தான் வரும். ஞானசிகாமணி அதற்குச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டினார்.

பெஞ்சிலிருந்த ஒன்பது பேரும் அன்றைக்கே அதே சின்ன ரவுட்டரையும் அதே பதினைந்து மீட்டர் வயரையும் வாங்கிப் போனார்கள். அவர்களில் நான்கு பேருடைய வீட்டில் இருப்பது ஒரே ஓர் அறை.