பூஜ்ஜியம் வோல்ட்

"டார்ச்சை ஆட்டாதே!" என்றார் அப்பா.

"ஆட்டலப்பா. தும்மல் வந்துச்சு."

"ரீடிங் எடுக்கும்போது தும்மக் கூடாது."

ஹாட்டி கோவாலிக் அடுத்த தும்மலை விழுங்கிக்கொண்டாள். மில்வாக்கியில் அவள் வயதுப் பிள்ளைகள் எல்லோரும் பனியில் சறுக்கி விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் வீட்டு நிலவறையில், துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் ஒரு கிழட்டு ஜூக்பாக்ஸுக்கும் நடுவே நின்றிருந்தாள்.

ஒரு காலத்தில் காசு போட்டுப் பொத்தானை அழுத்தினால் இசைத்தட்டை எடுத்துச் சுழற்றிப் பாடிய பெட்டி அது. மூடப்பட்ட ஒரு பௌலிங் விளையாட்டுக் கூடத்திலிருந்து அப்பா அதை வாங்கி வந்தார். அதுவரை அவர் தரைவிரிப்பு விற்கும் யூஜின் கோவாலிக். அன்றிலிருந்து ஜூக்பாக்ஸ் மருத்துவர். பேச்சும் அப்படியே மாறிவிட்டது. "நோயாளி எப்படி இருக்கார்?" என்று கேட்டபடிதான் படி இறங்குவார்.

அவர் நெற்றியிலும் ஒரு விளக்கு கட்டியிருந்தார். ஆனால் பேசும்போது அவர் தலையை நிமிர்த்துவார். விளக்கு கூரையைப் பார்க்கும். பேசாத நேரமோ மிகக் குறைவு. ஹாட்டி டார்ச் பிடிக்க வேண்டி வந்தது அதனால்தான்.

இது போதாதென்று இன்னொன்று. மின்சாரத்தைச் சோதிக்கும்போது ஒரு கை பாக்கெட்டில் இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழில்காரர்களின் வழக்கம். இரண்டு கையும் உள்ளே போனால் ஷாக் நெஞ்சு வழியாகப் பாய்ந்துவிடுமாம். நல்ல வழக்கம்தான். ஆனால் அப்பா காப்பி குடிக்கும்போதும், கதவைத் திறக்கும்போதும், செருப்பு மாட்டும்போதும்கூட ஒரு கையைப் பாக்கெட்டிலேயே வைத்திருந்தார்.

"அப்பா, நாளைக்கு என் பிறந்தநாள். கிளாஸே வருது. ஜூக்பாக்ஸ் பாட்டுக்கு ஆடலாம்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். இது பாடலன்னா?"

"கவலையை விடு. அக்கார்டியன் இருக்கே!"

ஹாட்டி பயந்ததே அதற்குத்தான். துருத்திபோல் இழுத்து வாசிக்கும் அந்த வாத்தியத்தில் அப்பாவுக்குத் தெரிந்தது போல்கா என்ற நடனத்துக்கான ஒரே ஒரு பாட்டுதான். அதிலும் முதல் பாதிதான். அந்தப் பாதி முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். போன வருஷம் அதைக் கேட்டுப் பக்கத்து வீட்டு நாய் ஊளையிட்டது. "பார், கூடவே பாடுது!" என்று அப்பா பூரித்துப்போனார்.

"சரி, கவனி. மூடி திறந்தாச்சு. முட்டுக் கொடுத்தாச்சு. இப்ப ப்ளக்!" அப்பா ப்ளக்கைச் செருகினார். சோதனைக் கருவியான மீட்டரின் முனைகளை உள்ளே வைத்தார். "இருபத்தேழு வோல்ட் வரணும். எவ்வளவு காட்டுது?"

"பூஜ்ஜியம்."

"சரியாப் பாரு."

"சரியான பூஜ்ஜியம்பா."

அப்பா ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைச் சாத்தினார். "பவர் சப்ளை செத்துப்போச்சு. சந்தேகமே இல்ல."

சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை இயந்திரத்துக்கு ஏற்ற அளவில் கொடுக்கும் பெட்டிதான் பவர் சப்ளை. அப்பா மாட்டியிருந்தது மூன்றாவது. செத்துப்போன முதல் இரண்டும் மூலையில் கிடந்தன.

துணிக்கூடையோடு அம்மா இறங்கி வந்தாள். "இதுவும் போச்சா? யூஜின், உன்கிட்ட வர்றதெல்லாம் எப்படி வந்த உடனே சாகுது?"

"லொரெய்ன், இது நுணுக்கமான வேலை. உனக்குப் புரியாது."

"புரியாமலே இருக்கட்டும். அந்த ரெண்டு பிணத்தையும் என் சோப்புத்தூள் மேலேருந்து எடு."

துணி துவைக்கும் இயந்திரம் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. கூடையின் அடியில், முன்பே போட மறந்த ஒற்றைக் காலுறை கிடந்தது. அம்மா இயந்திரத்தின் மூடியைத் தூக்கினாள். சத்தம் சட்டென்று நின்றது. காலுறையைப் போட்டு மூடினாள். மறுபடி கடகட.

ஹாட்டியும் தும்மலை மறந்து நின்றுவிட்டாள்.

டார்ச் வெளிச்சத்தை ஜூக்பாக்ஸின் விளிம்பில் பாய்ச்சினாள். கீல் பக்கம் கட்டைவிரல் அளவில் ஒரு குமிழ் இருந்தது. மூடி அதை அழுத்திக்கொண்டிருந்தது.

"அப்பா, மூடியை மூடிட்டு எப்பவாவது ப்ளக்கைச் சொருகியிருக்கீங்களா?"

"சோதிக்காத மெஷினுக்கு மூடியை மூடிக்கிட்டு கரன்ட் கொடுக்கிறவன் மடையன்."

"மூடியைத் திறந்தா கரன்ட் நிக்கிற மாதிரி பண்ணியிருந்தாங்கன்னா? அம்மாவோட மெஷின் மாதிரி?"

"ஹாட்டி! இது என்ன துணி துவைக்கிற மெஷினா?"

"இல்லப்பா. துணி துவைக்கிற மெஷின் வேலை செய்யுது."

அம்மா கூடைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். கூடை குலுங்கியது.

அப்பாவின் நெற்றி விளக்கு கூரைக்குப் போய்விட்டுத் திரும்பியது. "மூடியை மூடிட்டா முனையை எங்கே வைக்கிறதாம்? பெரிய இன்ஜினியர்!"

ஹாட்டி கூடையிலிருந்து மரத் துணிக்கிளிப்புகள் இரண்டை எடுத்து நீட்டினாள். "ப்ளக் இல்லாதப்பவே முனையை இதால கவ்வ வச்சுடுங்க. வயரை இடுக்கு வழியா வெளியே விடுங்க. மீட்டர் வெளியே இருக்கட்டும். மூடிட்டு அப்புறம் ப்ளக். யார் கையும் உள்ளே போக வேண்டாம்."

"நடக்கவே நடக்காது," என்றார் அப்பா. ஆனால் கிளிப்பை வாங்கிக்கொண்டார்.

முனைகளை மாட்டினார். மூடியைச் சாத்தினார். ஒரு கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு மறுகையால் ப்ளக்கைச் செருகினார்.

ஜூக்பாக்ஸின் உடம்பெல்லாம் ஆரஞ்சும் பச்சையுமாக ஒளிர்ந்தது. உள்ளே ஏதோ சோம்பல் முறித்தது.

"இருபத்தேழு!" என்று கத்தினாள் ஹாட்டி.

அப்பா வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை. அந்த நிலவறையில் இதற்குமுன் அப்படி நடந்ததே இல்லை.

"அப்போ மூலையில கிடக்குற ரெண்டு?" என்று கேட்டாள் அம்மா.

"அதுங்க... சாகல போல. ஓய்வுல இருக்கு."

அவர் தோள் தொங்கிவிட்டது. பாக்கெட்டிலிருந்த கையும் தானாக வெளியே வந்தது. ஹாட்டிக்குப் பாவமாகப் போயிற்று.

"எங்கே வச்சுப் பார்க்கணும், எவ்வளவு வரணும்னு உங்களுக்குத்தானேப்பா தெரியும்? எனக்குத் தெரிஞ்சது மூடி மட்டும்தான்."

அப்பாவின் தலை நிமிர்ந்தது. விளக்கு கூரையைத் தொட்டது. "அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்."

மறுநாள் வகுப்பே நிலவறையில் குதித்தது. மூன்றாவது பாட்டின் நடுவில் அப்பா ஜூக்பாக்ஸ் அருகே போய்த் தொண்டையைக் கனைத்தார்.

"குழந்தைகளே, இந்த இயந்திரத்தின் உள்ளே என்ன நடக்கிறதென்றால்..." என்று மூடியைத் தூக்கினார்.

பாட்டு நின்றது. விளக்குகள் அணைந்தன.

"மூடியை மூடுங்க!" என்று வகுப்பே கத்தியது.

மூடினார். பாட்டு வந்தது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார், மனசு கேட்கவில்லை. "சுருக்கமாகச் சொன்னால்..." என்று மறுபடி தூக்கினார்.

"மூடியை மூடுங்க!" இந்த முறை அம்மாவின் குரல்தான் எல்லாவற்றையும்விட உரக்கக் கேட்டது.

அப்பா பேச்சைக் கைவிட்டுவிட்டுக் கேக் தின்னப் போனார். அதற்குப் பிறகு சாயங்காலம்வரை ஜூக்பாக்ஸின் மூடி திறக்கவில்லை. அக்கார்டியன் பெட்டியின் மூடியும்தான். அதன்மேல் ஹாட்டி ஏறி உட்கார்ந்திருந்தாள்.