வரிசையில் ஒரு வெற்றுத் தாள்

வரிசை காலியாக இருந்தது.

காலியாக இருக்கவேண்டிய நாள்தான். விடுமுறை. அலுவலகத்தின் அச்சு வேலைகளை வரிசையில் நிறுத்தும் பழைய பிரிண்ட் சர்வரோடு இணைந்திருந்த அச்சு இயந்திரங்களையெல்லாம், கணினிப் பிரிவில் இருந்த அவள் காலையிலிருந்து ஒவ்வொன்றாகப் புதிய சர்வருக்கு மாற்றிவிட்டாள். ஆனால் பழையதில் ஒரு தாள் மட்டும் நின்றிருக்க வேண்டும். காலையில் வந்ததும் அவளே அனுப்பிய தாள். கணவனின் பெயரில்.

அந்த அலுவலகத்தில் பிரிண்ட் கொடுத்தவுடன் தாள் வந்துவிடாது. கொடுத்தவர் ஏதாவது ஓர் இயந்திரத்தின் முன்போய்த் தன் அடையாள அட்டையைக் காட்டும்வரை வரிசையில் காத்திருக்கும். பல நாள் எதுவும் அனுப்பாதவரின் கணக்கு தானாக அழிந்துவிடும். அந்த விதியை வைத்தவளே அவள்தான். வரைபடப் பிரிவில் இருந்த கணவன் போன மழைக்காலத்தில் இறந்தபோது அவன் கணக்கை அப்படி அழியவிட அவளுக்கு மனம் வரவில்லை. தினமும் காலையில் அவன் பெயரில் ஒரு வெற்றுத் தாளை அனுப்புவாள். அவன் பெயருக்கு நேரே ‘காத்திருக்கிறது’ என்று நிற்பதை வேலைக்கு நடுவே அவ்வப்போது பார்த்துக்கொள்வாள். வீட்டுக்குக் கிளம்பும்போது ரத்து செய்வாள். அவ்வளவுதான் அவர்களுடைய குடித்தனம்.

தொலைபேசியில் மேலாளர். “என்னம்மா, அந்தக் கிழட்டு சர்வரை இன்னும் கட்டிப்பிடிச்சிட்டா உக்காந்திருக்கீங்க? சாயங்காலத்துக்குள்ள அணைச்சிடுங்க. செத்த கணக்கு ஒண்ணுகூடப் புதுசுக்கு வரக்கூடாது.”

“சரி சார்.”

அவள் வரிசையை மறுபடி திறந்து பார்த்தாள். அந்தத் தாளை யார் எடுத்தது? அவனுடைய அட்டை சட்டைப் பையிலேயே இருந்துவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. அதோடுதான் புதைத்தார்கள்.

காவலாளி டீயைக் கொண்டுவந்து வைத்தார். “மேல யாரோ பிரிண்ட் எடுத்துத் தள்றாங்களே. லீவுலயாவது அந்த மெஷினை விடக்கூடாதாம்மா?”

“மேல யாரும் இல்லையே அண்ணே.”

“அப்ப பேய்தான்,” என்று சிரித்தவர், அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கினார். “சும்மா சொன்னேம்மா.”

மாடியில் மழை இருட்டு. நாற்காலிகள் மேசைகளுக்குள் ஒடுங்கிக் கிடந்தன. வரைபடப் பிரிவின் கதவைத் திறந்ததும் சூடான மையின் மணமும், அதற்கு அடியில், ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தும், நனைந்த மண்ணின் மணமும் வந்தன. மூலையில் இருந்த இயந்திரத்தின் மூடிக்கடியில் நகலெடுக்கும் வெளிச்சம் மெல்ல இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போய், திரும்பி வந்துகொண்டிருந்தது. திரையில் அவன் பெயர். அட்டை காட்டும் இடத்தில் ஈரச் சேறு.

தட்டு நிறையத் தாள்கள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் அவன் பெயரும் ஒரு தேதியும். அவள் ரத்து செய்தவை.

எதுவும் வெற்றுத் தாளாக இல்லை.

அடியில் கிடந்ததில் அவன் முகம், கண்ணாடியில் கன்னத்தை அழுத்தியதுபோல். அவளுக்குத் தெரிந்த முகம்தான். கண்களை இறுக்கி மூடியிருந்தான். அடுத்ததில் கன்னம் கொஞ்சம் ஒட்டியிருந்தது. அடுத்ததில் உதடு கறுத்திருந்தது. ஒவ்வொரு தாளிலும் அவன் குறைந்துகொண்டே வந்தான். ஆனாலும் எல்லாவற்றிலும் அதே முகச்சுளிப்பு. அது அவளுக்குப் பழக்கம். ராத்திரியில் கட்டிலில் மடிக்கணினியோடு அவள் உட்கார்ந்திருக்கும்போது சுளிப்பான். “லைட்டை அணைச்சிட்டுப் படேன்மா. கண்ணு கூசுது.”

தினமும் அவள் அனுப்பிய ஒரு தாள். தினமும் அவன் கண்ணில் ஒரு வெளிச்சம்.

“தெரியாமப் பண்ணிட்டேன்ப்பா,” என்றாள். “உன் கணக்கை இன்னிக்கே அழிச்சிடறேன். நீ தூங்கு.”

சுவரிலிருந்து மின்கம்பியைப் பிடுங்கினாள்.

திரை அணைந்தது. மழைச் சத்தம்.

மூடிக்கடியில் வெளிச்சம் மறுபடி நகர்ந்தது.

கடைசித் தாள் வந்தது. சூடாக. அதில் முகமென்று சொல்ல எதுவும் மிச்சமில்லை. கண்கள் இருந்த இடத்தை ஒரு கையின் எலும்புகள் மூடியிருந்தன, வெளிச்சத்தை மறைக்க. விரல்களுக்கு நடுவே அவனுடைய அட்டை.

வெளிச்சம் திரும்பி வந்தது.