அணையாத மூன்று பலகைகள்

புது அறைக்குள் அவள் நுழைந்தபோது பிற்பகல் வெயில் சுள்ளென்று காய்ந்துகொண்டிருந்தது.

வீட்டின் பின்புறம் ஒட்டிக் கட்டிய ஒலிப்பதிவு அறை. படங்களுக்குப் பின்னணிக் குரல் கொடுப்பவளுக்கு, இனி வாடகை ஸ்டூடியோ வாசலில் தேவுடு காக்கும் தலைவிதி இல்லை. வெளிச்சுவர் முழுக்க, ஜப்பானிய முறையில் தீயில் கருக்கிய பலகைகள். கதவின் மேலும் அவைதான். மூடிவிட்டால் கதவு எது, சுவர் எது என்று தெரியாது. எல்லாம் கணவனின் யோசனை.

"அக்கம்பக்கம் அசந்துடும் பாரு!"

"ஆமா, வீட்டுக்கே கண்மை பூசின மாதிரி இருக்கு" என்று சிரித்தாள் அவள்.

பலகைகளைக் கருக்கிய தச்சருக்குத்தான் சிரிப்பு வரவில்லை. மூன்று பலகைகளைப் புகைபோக்கி போல முக்கோணமாகக் கட்டி நிறுத்தி, அடியில் தீ வைப்பார். நெருப்பு உள்ளே ஏறி உறுமும். கருகியதும் கட்டைப் பிரித்துத் தண்ணீர் ஊற்றி அணைப்பார். கடைசிக் கட்டின்போது கணவன் வாளியைப் பிடித்துக்கொண்டான்.

"ஊத்தாதீங்கண்ணே! முதலைத்தோல் மாதிரி என்னமா வெடிச்சிருக்கு! தண்ணி பட்டா உதிர்ந்துடும். தானா அணையட்டும்."

"தாகத்தோட விடக் கூடாது தம்பி."

"பலகைக்குத் தாகமா? நல்ல ஆளு நீங்க!"

அந்த மூன்றும்தான் கதவில் ஏறின.

சத்தம் வரக் கூடாதென்று செல்போனைச் சமையலறையில் விட்டு வந்திருந்தாள். கதவைச் சாத்தினாள். ஹெட்போனை மாட்டி, மைக்கின் முன் அமர்ந்து வசனத்தை எடுத்தாள்.

டிக்.

ஆறிக்கொண்டிருக்கும் கரி முறியும் ஓசை. பலகைகளைக் கருக்கி மாதக்கணக்காகிறது.

டிக். டிக்.

புகை வாடை மூக்கில் ஏறியது. ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, எழுந்து போய்க் கைப்பிடியைப் பற்றியவள் அலறிக்கொண்டு கையை உதறினாள்.

கொதித்தது.

முந்தானையைச் சுற்றிக்கொண்டு இழுத்தாள். கதவு அசையவில்லை. தோளால் இடித்தாள். தொண்டை கிழியக் கத்தினாள். ஊரே தியேட்டரில் உட்கார்ந்து கேட்கும் குரல், அந்த நாலு சுவரைத் தாண்டவில்லை. தாண்டாமலிருக்கத்தானே பார்த்துப் பார்த்துக் கட்டினார்கள்!

கழுத்தில் தொங்கிய ஹெட்போனில் யாரோ மூச்சு விட்டார்கள்.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த மூச்சு நிற்கவில்லை.

"தண்ணி..."

வறண்ட, கருகிய கிசுகிசுப்பு.

தொண்டைக்கு இதமாகக் குடிக்க வைத்திருந்த வெந்நீர்ப் புட்டி மேஜையில் இருந்தது. திறந்து, கதவடியில் மொத்தத்தையும் கவிழ்த்தாள்.

உஸ்ஸ்ஸ்!

பிறகு, மடக் மடக்கென்று விழுங்கும் ஓசை.

கதவு திறந்துகொண்டது.

விழுந்தடித்து வெளியே ஓடியவள், கதவைத் தொட்ட கை முழுக்கக் கரியோடு போய்த் தச்சரை அழைத்தாள். வந்தவர் மூன்று பலகைகளையும் கழற்றித் தன் பட்டறைக்கு எடுத்துப்போய், தண்ணீர் ததும்பும் டிரம்மில் அமுக்கி, மேலே பாறாங்கல்லை வைத்தார்.

மறுநாள் காலை. குளியலறையைத் தாழிட்டுக்கொண்டு, இன்னும் போகாத கைக்கரியைக் குழாயடியில் தேய்த்துக்கொண்டிருந்தாள். அலமாரியில் வைத்த செல்போன் அடித்தது. ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"தங்கச்சி, டிரம்மு காஞ்சு கிடக்கு. சொட்டுத் தண்ணி இல்ல."

"பலகைங்கண்ணே?"



"ரெண்டுதான் இருக்கு."

டிக்.

ஓசை குளியலறைக் கதவுக்கு வெளியே.

வெள்ளைக் கதவில் ஒரு பலகை அகலத்துக்குப் பெயின்ட் பொரிந்து, மேலிருந்து கீழாகக் கறுத்துக்கொண்டே வந்தது.

தாழ்ப்பாளைத் தொட்டாள்.

கொதித்தது.

அவள் முதுகுக்குப் பின்னால், திறந்திருந்த குழாய் கடைசிச் சொட்டை விட்டுவிட்டு நின்றது.