உரியும் பருவம்

நாற்காலி திரும்பியிருந்தது.

கேமராவிலிருந்து முகத்தை எடுத்துக் கழுத்தை நீவிக்கொண்டபோதுதான் ஹெதர் அதைக் கவனித்தாள். காலையில் கணவன் கிளைவை மரத்தடியில் நிழல் பார்த்து உட்கார வைத்தது அவள்தான். உதிர்ந்த பட்டைகளைக் காலால் ஒதுக்கிவிட்டு, மடக்கு நாற்காலி ஆடாமல் தரையில் அழுத்தி நிறுத்தியதும் அவள்தான். இப்போது அவன் முழு வெயிலுக்கும் முகம் கொடுத்து உட்கார்ந்திருந்தான். தொப்பி மடியில் கிடந்தது. பக்கவாதம் வந்ததிலிருந்து இடது கையும் இடது காலும் அவன் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. சட்டைப் பொத்தானைக்கூட அவள்தான் போட்டுவிட வேண்டும். அப்படிப்பட்டவன் நாற்காலியோடு எப்படித் திரும்பினான்?

அவனிடம் கேட்கலாம். கேட்டால் அவன் வாய் கோணும், பாதிச் சொல் வரும், மீதிக்காக இருவரும் காத்திருக்க வேண்டும். அதற்கு அவளிடம் தெம்பில்லை. தொப்பியை எடுத்து மாட்டி, நாற்காலியை நிழலுக்குத் திருப்பிவிட்டு, மறுபடி மரப்பட்டையைப் படமெடுக்கப் போனாள்.

கோடையின் கடைசி. அந்தக் காட்டிலிருந்த தைலமரங்களில் பாதி தோலுரித்துக்கொண்டிருந்தன. சாம்பல் நிறப் பழைய பட்டை நீள நீளமாகக் கிழிந்து தொங்க, அதற்குள்ளிருந்து செம்பும் ரோஜாவும் கலந்த புதுப்பட்டை ஈரம்போல் பளபளத்தது. காற்று வரும்போதெல்லாம் தொங்கும் நார்கள் அடிமரத்தில் உரசி, பக்கத்து அறையில் யாரோ காகிதம் மடிப்பதுபோல ஓயாமல் ஒலித்தன. சால்மன் கம் என்று இங்கே எல்லோரும் சொல்லும் மரம். பெர்த் நகரத்துப் பதிப்பகம் ஒன்றுக்காக இந்தப் பக்கத்து மரங்களை அவளும் கிளைவும் சேர்ந்து படமெடுக்கத் தொடங்கியிருந்தார்கள். மரத்துக்கு ஒரு பட்டைப் படம், ஒரு பூப் படம். மரத்தைக் கண்டுபிடிப்பதும், வண்டியின் கூரைமேல் ஏறி நின்று கிளையை வளைத்துப் பிடிப்பதும் அவன் வேலை. பாதியில் பக்கவாதம் வந்து அவன் விழுந்தான். விட்டுவர ஆளில்லாமல் அவனையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, மீதியை அவள் தனியாக முடித்துக்கொண்டிருந்தாள். இந்த ஒரு மரத்தின் பட்டையும் பூவும்தான் பாக்கி. பூ எட்டாத உச்சியில் இருந்தது: கூரான பச்சை மொட்டின் மூடி கழன்று விழ, உள்ளேயிருந்து வெண்மஞ்சள் இழைகள் விரியும் பூ.

அடுத்த முறை அவள் நிமிர்ந்தபோது வெயில் மேற்கே சாய்ந்திருந்தது. கிளைவும் மேற்கே பார்த்திருந்தான்.

அன்று மாலை காட்டோரத்து வாடகை வீட்டில் அவன் சாப்பிடவில்லை. முட்டையும் ரொட்டியும் தட்டில் ஆறின. தண்ணீர் மட்டும் கேட்டான். தகரத் தொட்டியின் மழைத்தண்ணீரை டம்ளர் டம்ளராகக் குடித்தான். குடிக்கும்போது தொண்டை அசையவில்லை என்று அவளுக்குத் தோன்றியது. பிறகு தூங்கினான். வழக்கமாக இரவில் பலமுறை முனகி எழுப்புகிறவன் அன்று ஒரு சத்தமும் போடவில்லை. ஹெதரும் தூங்கினாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு விடியும்வரை தூங்கினாள். எழுந்ததும் அவளுக்கு முதலில் வந்தது பயமல்ல, நன்றி.

வெயில் அவன் கைகளைச் சுட்டிருந்தது. இரண்டு நாளில் தோல் உரியத் தொடங்கியது. களிம்பும் கையுமாக மரத்தடியில் அவனருகே உட்கார்ந்து, முன்கையில் எழும்பியிருந்த ஒரு நுனியை விரலால் பிடித்தாள். அது வந்தது. வந்துகொண்டே இருந்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை ஒரே நாராக, காய்ந்து, ஓரம் சுருண்டு, மெல்லிய சரசரப்போடு உரிந்தது. உள்ளே ரத்தமில்லை, நீர் கசியவில்லை. வழவழப்பான, இளஞ்சிவப்பான புதுத்தோல். அதில் ஒரு முடிகூட இல்லை. இந்த வெக்கையிலும் அது குளிர்ந்திருந்தது.

வலிக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்று தலையசைத்தான். பிறகு, தடுமாறாமல், வாய் கோணாமல் சொன்னான்:

“என்னை நிக்க வை.”

அவள் அழுதுவிட்டாள். முழு வாக்கியம். அதுவும் நிற்க வேண்டுமாம். டாக்டர்கள் கைவிட்ட கால். அவனை அக்குளில் தாங்கி எழுப்பி மரத்தில் சாய்த்தாள், அவன் நின்றான். செருப்பைக் கழற்றச் சொன்னான், கழற்றினாள். வெறுங்கால்களை மண்ணில் வைத்து, கண்களை மூடி, தண்ணீருக்குள் இறங்குகிறவனைப்போல மெதுவாக மூச்சு விட்டான். அவன் விழுந்துவிடுவானோ என்று முதலில் பக்கத்திலேயே நின்றாள். விழவில்லை. அவனுடைய காலி நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்தாள்.

அதன்பிறகு காலையில் கொண்டுபோய் நிறுத்துவதும் மாலையில் கூட்டி வருவதும் வழக்கமாயிற்று. அவன் நிற்பான், அவள் படமெடுப்பாள். தூக்க வேண்டாம், துடைக்க வேண்டாம், ஊட்ட வேண்டாம். உடம்பின் ஒவ்வொரு மூட்டிலும் ஊறியிருந்த அசதி கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. அவன் சாப்பிடாதது அவளுக்குத் தெரியாமல் இல்லை. அவன் சிறுநீர் கழிப்பதில்லை என்பதும் தெரிந்தது. சட்டையைக் கழற்றும்போதெல்லாம் முதுகிலிருந்து சருகுபோல ஏதோ உதிர்ந்தது. அதைக் கூட்டி அள்ளி வெளியே போட்டாள். படுக்கையறை முழுக்கத் தைல வாசனை, மூக்கின் அடியில் குளிராக ஏறும் அந்த நெடி. காட்டு வாசனை உடையில் ஒட்டிக்கொண்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நாளைக்கு யோசிக்கலாம். இன்று தூங்கலாம்.

வீட்டுக்காரி நொயிலீன் வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்தாள். பக்கத்துக் கோதுமைப் பண்ணை அவளுடையது. ஆட்கள் இல்லாமல் கிடந்த இந்தத் தகரக்கூரை வீட்டை அவள்தான் இவர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தாள். ஆட்டிறைச்சிக் குழம்பு ஒரு பாத்திரம் கையில், ஈ விரட்ட ஒரு கிளை இன்னொரு கையில்.

“என்னம்மா, உயிரோட இருக்கீங்களா? இந்தப் பக்கம் ஈயைத் தவிர ஒரு நாதியும் வராதே, புருஷனைத் தின்னுட்டியோன்னு பாக்க வந்தேன்” என்றாள்.

ஹெதர் சிரித்தாள். சிரித்து நாளாகியிருந்தது. கிளைவ் எழுந்து நிற்கிறான், வந்து பாருங்கள் என்று பெருமையோடு காட்டுப்பக்கம் கூட்டிப்போனாள்.

நொயிலீன் மரத்துக்குப் பத்தடி தள்ளியே நின்றுவிட்டாள். கிளைவ் அவர்கள் பக்கம் திரும்பவில்லை. அவன் சட்டை தோளிலிருந்து தொங்கியது; அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் இன்னொன்றும் தொங்கியது. காற்றில் அது அவன் விலாவில் உரசியது. நொயிலீன் அவனைப் பார்த்தாள், பிறகு பின்னாலிருந்த மரத்தைப் பார்த்தாள். மறுபடி அவனைப் பார்த்தாள். கையிலிருந்த கிளையை ஆட்டுவதை நிறுத்தியிருந்தாள். அவள் முகத்தில் ஈக்கள் உட்கார்ந்தன.

எப்போதிலிருந்து நிற்கிறான் என்று கேட்டாள். காலையிலிருந்து என்றாள் ஹெதர்.

“மேல ஒரு ஈகூட இல்லையே அவருக்கு” என்றாள் நொயிலீன் மெதுவாக. “என் மேல பாரு. உன் மேல பாரு.”

வண்டியை நோக்கி வேகமாகத் திரும்பி நடந்தாள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள். “இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. நான் வேணா வந்து தூக்கறேன். நாளைக்குன்னு தள்ளாதே கண்ணு.”

ஹெதருக்குக் கோபம் வந்தது. காரணம் அவளுக்கே தெரிந்ததால் இன்னும் அதிகமாக வந்தது. ஆஸ்பத்திரி என்றால் படுக்கை, குழாய், நடைவழி நாற்காலி, கண்கொட்டாத ராத்திரிகள், பிறகு திரும்பவும் இவள் தோளில் அவன் பாரம். அவர் நன்றாகத்தான் இருக்கிறார், காலையில் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். நொயிலீன் தானும் காலையில் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். குழம்புப் பாத்திரத்தைக் கொடுக்க மறந்து தன்னோடே கொண்டுபோனாள்.

வண்டியின் புழுதி அடங்கியது.

காகிதம் மடிக்கும் சத்தம்.

ஹெதர் கேமராவையும் அதைத் தாங்கும் முக்காலியையும் உள்ளே கொண்டுபோய் வைத்தாள். தேநீர் போட்டாள், குடிக்கவில்லை. வெளிச்சம் மஞ்சளாகி, செம்பாகி, மரங்கள் ஒவ்வொன்றாகத் தீப்பிடித்ததுபோல நின்ற நேரத்தில் அவனைக் கூட்டிவரப் போனாள். தூரத்திலிருந்து பார்க்கையில் அங்கே இரண்டு அடிமரங்கள் தெரிந்தன. ஒன்று பெரியது. எது அவன் என்று கண்டுகொள்ள ஒரு கணம் பிடித்தது.

“வா கிளைவ். உள்ள போலாம்.”

அவன் அசையவில்லை. அவன் கையைப் பிடித்தாள். வழவழப்பு. குளிர். இடுப்பைச் சுற்றிக் கைபோட்டு, எப்போதும் செய்வதுபோல அவன் எடையைத் தன்மேல் சாய்க்கப் பார்த்தாள். எடை வரவில்லை. குனிந்து பார்த்தாள். பாதங்களைக் காணவில்லை. கணுக்கால்வரை மண், அதன்மேல் உதிர்ந்த பட்டைகள். காற்று மூடியிருக்கும் என்று கையால் ஒதுக்கினாள். மண் இறுகியிருந்தது. காலையில் நீரூற்றி மிதித்ததுபோல.

இழுத்தாள்.

காலடியில் எங்கோ ஆழத்தில் ஒரு சத்தம். புல்லைப் பிடுங்கும்போது கேட்பது. சின்னச் சின்ன நூல்கள் அறும் சத்தம். நிறைய நூல்கள்.

கிளைவ் வாயைத் திறந்தான்.

“வலிக்குது, ஹெதர்.”

கையை விட்டாள்.

பின்வாங்கினாள். பட்டைகள் அவள் காலடியில் நொறுங்கின. அவன் கணுக்காலருகே மண் ஓரிடத்தில் கருத்து நனைந்திருந்தது. ரத்தம் இல்லை. தெளிந்த நீர். தைலத்தின் நெடி.

வீட்டுக்கு ஓடி நொயிலீனுக்குப் போன் செய்தாள். என்ன சொன்னாள் என்று பிறகு நினைவில்லை. மண்வெட்டி, ஆம்புலன்ஸ் என்று இரண்டு வார்த்தைகள் மட்டும் தன் குரலில் கேட்டன. மறுமுனையில் நொயிலீன் எதுவும் கேட்கவில்லை. ஊரிலிருந்து ஆம்புலன்ஸ் வருவதற்கே விடிந்துவிடும், அதைக் கூட்டிக்கொண்டு வருகிறேன், அதுவரை அவரைத் தொடாதே, கதவைச் சாத்திக்கொள் என்றாள்.

கம்பளியை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனாள். அவனுக்குப் போர்த்த வேண்டும். வாசலிலேயே நின்றாள். இருட்டில் அவனைப் பார்க்க முடியவில்லை. கம்பளியைத் தானே போர்த்திக்கொண்டு சமையலறைத் தரையில், கதவுக்கு முதுகு கொடுத்து உட்கார்ந்தாள். கண்ணை மூடக்கூடாது என்று நினைத்தாள். ஆனால் இத்தனை காலம் விழித்த உடம்பு அது. பயத்துக்குக்கூட அது அதிக நேரம் காவலிருக்காது.

எழுப்பியது ஒரு ரீங்காரம்.

தாழ்ந்த, இடைவிடாத ஒலி. குளிர்பதனப் பெட்டி என்று நினைத்தாள். பெட்டியில் கைவைத்தாள். அது ஓடவில்லை. ஒலி வெளியே இருந்தது.

கதவைத் திறந்தாள். வெயில் அப்போதுதான் மரங்களின் இடுப்புக்கு இறங்கியிருந்தது. வண்டி எதுவும் வந்திருக்கவில்லை. தேன் வாசனை. காற்றெல்லாம் தேன் வாசனை.

அவள் நடந்தாள். ஏன் நடந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. போட்டிருந்த செருப்பு ஒன்று கழன்றது. எடுக்கவில்லை.

அவன் சட்டை தரையில் கிடந்தது. கால்சட்டையும். முழுசாக உரிந்திருந்தான். விடியல் வெளிச்சத்தில் அவன் உடம்பு ரோஜா நிறத்தில், ஈரம்போல் பளபளத்தது. இரண்டு கைகளும் உயர்ந்திருந்தன. இடது கையும். விரல்கள் விரிந்து, நீண்டு, நுனியில் பிரிந்து, மீண்டும் பிரிந்து.

தேனீக்கள் அவனைச் சுற்றவில்லை. அவன் வாய்க்குள் போயின. வந்தன. போயின.

முகம் மட்டும் இன்னும் கிளைவின் முகம். மூடிய இமைகள் உப்பியிருந்தன. கெட்டியாக, பச்சையாக, நடுவில் கூர்ந்து. வலது இமையின் ஓரத்தில் ஒரு மெல்லிய விரிசல் சுற்றி ஓடியது. அவள் பார்க்கப் பார்க்க அது அகன்றது. இமை மூடிபோல முழுசாகக் கழன்று விழுந்தது. சருகில் ஒரு சின்ன டக். உள்ளேயிருந்து வெண்மஞ்சள் இழைகள், நூற்றுக்கணக்கில், ஈரமாக, ஒட்டியபடி, மெல்ல மெல்ல நிமிர்ந்து விரிந்தன. ஒவ்வொரு இழையின் நுனியிலும் ஒரு பொடி மணி.

முதல் தேனீ அதில் இறங்கியது.

உதடுகள் அசைந்தன. தேனீக்கள் வழிவிட்டன. உள்ளே ஆழத்திலிருந்து, ரீங்காரத்தின் நடுவே, தெளிவாக, அன்பாகக் குரல் வந்தது.

“நல்லா தூங்கினியா?”

இடது இமையிலும் விரிசல் ஓடத் தொடங்கியது.